தண்டையோடு பதினொரு கிலோ

ஏனுங்க்கா, இந்த பஸ் பெரியாஸ்பத்திரிகிட்ட நிக்குமுங்களா? நின்னாச் சரி. கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளிக்கறீங்களா, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கறேன். பஸ்ல மூஞ்சிக்குக் காத்து படலீன்னா எனக்குத் தலை சுத்தும். பாப்பாவ நடுவுல விட்டுர்றேன். உங்க பையத் தூக்கி மடியில வெச்சுக்கங்க, இவ கால்ல இடிச்சுருவா. கால்ல அத்தனை கனம் போட்டிருக்கறேன், பாருங்க.

நான் வெளிய பாத்துட்டே பேசறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள திரும்பினா அப்பவே குமட்டும். காது இங்கதான் இருக்குது.

வாழப்பழமுங்களா? வேண்டாங்க, வெச்சுக்கங்க. இவ தொட மாட்டா. பழம், பாலு, முட்டை, எதுவா இருந்தாலும் பேரச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவா. இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன், உங்க பழந்தான் வீணாப் போகும். சரி, கையில வேணாக் குடுங்க, வெச்சு வெளையாடிட்டு இருக்கட்டும். தின்னுருவான்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. நான் ரெண்டே முக்கா வருசமா எதிர்பாத்துட்டு இருக்கறேன்.

வருணிகாங்க. வருணீன்னு கூப்புடுவோம். ரெண்டே முக்கா வயசு ஆச்சு. நீங்க ஒண்ணரைன்னுதான நெனச்சீங்க? எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. நெனச்சுட்டுச் சும்மா இருக்கறாங்களா, "ஏன் இப்பிடி இருக்கறா, நீ ஒண்ணும் குடுக்கறதில்லியா"ன்னு எங்கிட்டயே கேக்கறாங்க. நான் ஒண்ணும் குடுக்கறதில்லையாமா. எனக்கு அதக் கேட்டா அழுகறதா சிரிக்கறதான்னே தெரியறதில்லீங்க. எங்க ஊருலயே ஒரு புள்ளைக்கு நேரம் பூராவும் ஊட்டறவ நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னா, அங்கன்வாடி டீச்சரு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரே மாசத்துல அறுநூறு கிராம் எறங்கிருச்சு, கட்டாயம் டாக்டரக் காட்டணும்னு. அறுநூறு கிராமுங்க. அது எப்பிடி எறங்குச்சுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்றேன், உங்கள இனி எங்க பாக்கப் போறேன்.

இவ எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டா. ஒரு கிலோ அறுநூத்தி அம்பது. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருபத்திரண்டு நாளு கெடந்தா. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லீங்க. பாலாடையில பன்னெண்டு மில்லி ஊத்தி, ரெண்டு மணிக்கொருக்கா சொட்டுச் சொட்டா விடோணும். ஒரு சொட்டு கடைவாயில ஒழுகுனாலும் எனக்கு உசுரே போயிரும். அங்க இருந்த நர்சம்மா ஒருத்தங்க, "இவ பொழைக்கறது உன் கையிலதான் இருக்குது"ன்னாங்க. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. நானும் குடுத்தேன், இவளும் பொழைச்சா. ஊருக்கு வந்துட்டோம். ஆனா, இனிப் போதும்மா, நீ விட்டுரலாம்னு எங்கிட்ட யாரும் வந்து சொல்லலீங்க்கா.

வெடியால ஒரு இட்லி. ஒரே ஒரு இட்லிங்க. ஏழரைக்குக் கிண்ணத்தக் கையில எடுத்தன்னா ஒம்பதரைக்குத்தான் கீழ வெப்பேன். வாசல்ல ரெண்டு வாய். பக்கத்து வீட்டு லோகாம்பா எருமைகிட்ட மூணு வாய். அப்பறம் தறிக்குடோன் சத்தத்தக் காட்டி ஒண்ணு. அங்கிருந்து பஸ் நிக்கற எடம். எங்க ஊரு மினி பஸ் டிரைவரு எனக்காகவே ஆரன் அடிப்பாரு. இவ ஆன்னு வாயத் தொறந்து பாப்பா, நான் உள்ள தள்ளிருவேன். ஊருல இருக்கற நாய்ங்க எல்லாத்துக்கும் என் கிண்ணம் தெரியும். பின்னாலயே வரும். இவ துப்பறது அதுங்களுக்குத்தான.

துப்புனாக்கூடப் பரவால்லீங்க. கன்னத்துல அடக்கி வெச்சுக்குவா. முழுங்கு சாமி, முழுங்கு கண்ணுன்னு கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டை காஞ்சு போயிரும். பதினோரு மணிக்குக் குளிக்க வெக்கறப்பப் பாத்தா வெடியால ஊட்டுன இட்லி கன்னத்துக்குள்ள அப்பிடியே இருக்குது. அன்னைக்கு முதுகுல ரெண்டு வெச்சுட்டேன். அடிச்சுட்டு நானும் அவளோட உக்காந்து அழுதேன். அழுத பொறகு மத்தியானச் சோத்துக்கு மறுபடியும் கிண்ணத்த எடுத்தேன். வேற என்ன பண்றதுங்க.

எங்க வீட்டுக்காரரு தறி ஓட்டறாரு. அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு, "பசிச்சாத் தானாக் கேப்பா, விடு." சொல்லிட்டுப் போயிருவாரு. ஒரு நாளு விட்டும் பாத்தேனுங்க. ஏழரைக்குக் கிண்ணத்த எடுக்காம விட்டுட்டு, ஒம்பது மணி வரைக்கும் பாத்தேன். கேக்கவே இல்ல. ஒண்ணரை மணி நேரம் ஒரு பெத்தவ எப்பிடிங்க சும்மா இருக்கறது?

என்னங்க சத்தம்? ஓ, தண்டை சீட்டுக் கம்பியில இடிக்குதுங்களா. வருணி, காலை ஆட்டாத. பெரிம்மாவ மிதிக்கக் கூடாது.

அங்கன்வாடியில மாசத்துக்கொருக்கா எடை பாப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா. அட்டையில கோடு போட்டிருக்குமில்லீங்க, பச்சை, மஞ்சள், செவப்புன்னு. இவ எப்பவும் மஞ்சள்லதான். டீச்சரு செல்வநாயகின்னு, நல்லவங்கதான், சத்தமாப் பேசறதுதான் அவங்ககிட்டக் கொறை. "வருணிகா, மஞ்சள்"னு வாசிப்பாங்க. வரிசையில நிக்கற அத்தனை பொம்பளைங்களும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. இவளப் பாக்க மாட்டாங்க, என்னையத்தான் பாப்பாங்க. லோகாம்பா மகன் இவளோட ஒரே வயசு, பதினாலு கிலோ. அவ அந்தப் பையனுக்கு ஒரு வாய் ஊட்டி நான் பாத்ததில்லீங்க. தட்டுல போட்டுட்டு அவ பாட்டுக்குத் துணி தொவைக்கப் போயிருவா. கடவுளு யாருக்கு எப்பிடிக் குடுக்கறாருன்னு பாருங்க.

இதுல தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னா, காது குத்துலதான். தை மாசம் இவளுக்குக் காது குத்துனோம். எங்கண்ணன் தாய்மாமன் சீருன்னு கனமாவே செஞ்சுட்டான். கொலுசு, அதுக்கு மேல போடறதுக்குத் தண்டை, இடுப்புக்கு வெள்ளிக் கொடி. காது குத்து முடிஞ்ச மறுநாளே எடை பாக்கற நாளு. நகையக் கழட்டோணும்னு எனக்குத் தோணவே இல்ல. சாமி சத்தியமா அன்னைக்குத் தோணலீங்க. தூக்கித் தராசுல உக்கார வெச்சேன். டீச்சரு பாத்துட்டு, "பரவால்லியே, பச்சைக்கு வந்துட்டாளே"ன்னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. லோகாம்பா என் தோளத் தட்டுனா. நான் வாயத் தொறக்கல.

அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த மாதிரி என் கல்யாணத்தன்னைக்குக்கூட நடக்கலீங்க.

அப்பறம் எடை பாக்கற நாளுன்னா நகை போட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன். அதுல ஒரு சங்கடம் இருக்குது. புள்ளைன்னா மாசா மாசம் ஏறோணுமில்லீங்க? நகை ஏறாதே. அதனால உள்ள ஒரு சட்டை சேத்தேன். அடுத்த மாசம் கெளம்பறப்ப ஒரு பெரிய டம்ளரு தண்ணி. தண்ணி மட்டும் மடமடன்னு குடிச்சுருவா. அடிச்சுப் புடிச்சுப் போன மாசம் பதினொரு கிலோ. டீச்சரு அட்டையில எழுதி, பக்கத்துல ஒரு சிரிக்கற மூஞ்சி வரைஞ்சு குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு அந்த அட்டைய எடுத்துட்டுப் போயித் தறிக்குடோன்ல எல்லாருகிட்டயும் காட்டிட்டு வந்தாரு. அவருகிட்ட நான் சொல்லலீங்க. சிரிச்ச மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிச் சொல்றது?

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல.

பகல்ல இவள அங்கன்வாடியில விட ஆரம்பிச்சிருந்தேன். ஒரு நாளு டீச்சரு சொல்றாங்க, "வருணி இங்க தானே எடுத்துத் திங்கறாம்மா, ரெண்டாவதும் கேக்கறா"ன்னு. பொய்யிதான சொல்றாங்கன்னு நெனச்சேன். மேலதிகாரிகிட்டக் கணக்குக் காட்டறதுக்குச் சொல்றாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அடுத்த நாளு விட்டுட்டு வீட்டுக்கு வராம, பின்னாடி பக்கம் ஜன்னலண்ட நின்னுட்டேன். வெயிலுன்னா அப்பிடி ஒரு வெயிலு. மத்தியானம் புள்ளைங்களையெல்லாம் வட்டமா உக்கார வெச்சுத் தக்காளிச் சோறு போட்டு, ஆளுக்கொரு முட்டை வெச்சாங்க. இவ தட்ட மடிகிட்ட இழுத்துக்கிட்டா. முட்டைய எடுத்தா. நாலு கடியில முடிச்சுட்டா. அப்பறம் சோத்த அள்ளி அள்ளி வாயில போடறா, மூக்கெல்லாம் சோறு. ஒரு பருக்கையக் கன்னத்துல அடக்கலீங்க. லோகாம்பா மகன் தட்டுல கைய வெக்கப் போனான், அவன் கையில ஒண்ணு போட்டா. ஆயாம்மா வந்து இன்னுங் கொஞ்சம் வெச்சாங்க. அதையும் தின்னா.

எனக்கு அழுகையா வந்துச்சு. சந்தோசத்துலன்னு நெனச்சுக்காதீங்க. இல்ல. வயிறெரிஞ்சு வந்துச்சு. ரெண்டே முக்கா வருசம் நான் கிண்ணத்தத் தூக்கிட்டு நாய் பின்னால வர ஊரச் சுத்தறேன், இவ இங்க யாரோ போட்ட சோத்த உக்காந்து திங்கறா. அப்ப எங்கையில என்னங்க கொறை? அந்தக் கையிலதான உசுரு இருக்குதுன்னாங்க?

வீட்டுக்குப் போயி யோசன பண்ணேன். என்னமோ மெரட்டித்தான் திங்க வெக்கறாங்கன்னு தோணுச்சு. இல்லாட்டி மத்த புள்ளைங்க புடுங்கிக்கும்னு பயந்து அவசர அவசரமாத் திங்கறா. அப்பிடித் திங்கறது ஒடம்புல ஒட்டாதுங்க. புள்ள அமைதியாத் திங்கோணும், பெத்தவ கையால திங்கோணும். அதனால மறுநாள்ல இருந்து பதினொண்ணரைக்கே போயிக் கூட்டிட்டு வந்துர்றேன். சூடாச் சோறு வடிச்சு, பருப்பும் நெய்யும் விட்டுப் பெசஞ்சு, மூணு மணி வரைக்கும் நானே ஊட்டறேன். டீச்சரு கூட, "விட்டுட்டுப் போங்கம்மா, இங்க நல்லாத்தான் திங்கறா"ன்னாங்க. நான் கேக்கல. ஒண்ணரை மாசமாச்சு. இப்ப முன்னவிட மோசம், வாயவே தொறக்கறதில்ல. பழக்கத்தக் கெடுத்து விட்டுட்டாங்க.

இந்த மாசம் எடை பாக்கப் போனேன். மேல இருந்து ஒரு மேடம் வந்து உக்காந்திருக்கறாங்க. புதுத் தராசு, நம்பரு வர்ற தராசு. அந்த மேடம் சொல்றாங்க, "நகையெல்லாம் கழட்டிருங்க, ஒத்தச் சட்டையோட வெய்யுங்க." தண்டையக் கழட்டறேன், கொலுசக் கழட்டறேன், கொடிய அவுக்கறேன், ஒரு சட்டையக் கழட்டுனா உள்ள இன்னொரு சட்டை. பத்து நானூறு.

"ஒரே மாசத்துல அறுநூறு கிராமா"ன்னு டீச்சரு அட்டையப் பாக்கறாங்க, நம்பரப் பாக்கறாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவங்களுக்கு. "காய்ச்சல் வந்துச்சா, பேதி ஆச்சா"ன்னு கேக்கறாங்க. என் கையில நகை எல்லாம் ஒரு குவியலா இருக்குது. ஒரு வார்த்தை போதுமுங்க. "டீச்சர், அது தண்டை"ன்னு ஒரே வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. இவ இட்லிய அடக்கறாப்புல நானும் கன்னத்துல அடக்கிட்டேன். வரிசையில அத்தனை பேரு. லோகாம்பா எனக்கு நேரா நிக்கறா. பச்சைன்னதும் தோளத் தட்டுனவ.

அங்கயே சீட்டு எழுதிட்டாங்க. "நாளைக்கே போங்க, விட்டுறாதீங்க"ன்னு அந்த டீச்சரு என் கையப் புடிச்சுச் சொல்றாங்க. அவங்க கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அவங்களப் பாக்கவே முடியல.

இதுல ஒரு கூத்து சொல்லட்டுங்களா. அது நகைன்னு எனக்குத் தெரியும். என் கையால போட்டு என் கையால கழட்டுனது. ஆனா வீட்டுக்கு வந்து இவள இடுப்புல தூக்குனா லேசா இருக்குதுங்க. நெசமாலுமே லேசா இருக்குது. அறுநூறு கிராமு எறங்கிருச்சுன்னு சீட்டுல எழுதியிருக்குது, படிக்கப் படிக்க எனக்கே பகீருன்னு இருக்குது.

பெரியாஸ்பத்திரியில என்ன பண்ணுவாங்கன்னு லோகாம்பா சொன்னா. ரத்தம் எடுப்பாங்களாமா. பெட்டுல சேத்து, மூக்குல குழாய் விட்டாலும் விடுவாங்களாமா. இவ கை பாத்தீங்களா, எவ்வளவு இருக்குது? கண்ணாடிப் பொட்டியில இருந்தப்ப நரம்பு கெடைக்காம உச்சந்தலையில குத்துனாங்க. அத நான் மறுபடி பாக்கறதுக்கில்ல. தண்டைக்கு வந்த வியாதிக்கு இவளுக்கு எதுக்குங்க ஊசி?

அதனாலதான் இன்னைக்கும் எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருக்கறேன். தண்டை, கொலுசு, கொடி, சட்டை ரெண்டு. எறங்கறப்பத் தண்ணியும் குடுத்துருவேன், பாட்டில்ல இருக்குது. அங்க பதினொண்ணுன்னு காட்டுச்சுன்னா, அங்கன்வாடித் தராசு தப்புன்னு சொல்லி அனுப்பிருவாங்க. டீச்சருக்குத்தான் கெட்ட பேரு வரும். பாவந்தான். ஆனா அவங்களுக்குப் புள்ளைங்க காலேஜ் போகுதுங்க்கா, அவங்க தாங்கிக்குவாங்க.

நான் பண்றது தப்புன்னு நெனைக்கறீங்க. தெரியுது. எனக்கு ஆசையெல்லாம் பெருசா இல்லீங்க்கா. இவ டாக்டராகோணும், கலெக்டராகோணும்னெல்லாம் இல்ல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, "அம்மா பசிக்குது, சோறு போடு"ன்னு கேக்கோணும். நான் போடோணும். போட்டுட்டு அவ பாட்டுக்கு விட்டுட்டு, லோகாம்பாவாட்டம் துணி தொவைக்கப் போகோணும்.

என்ன சொன்னா? வருணியா பேசுனா? "பெரிம்மா, இன்னொண்ணு"ன்னா. இன்னொண்ணு என்னது?

இது என்ன தோலுங்க? நீங்க தின்னீங்களா? இவளா?

ரெண்டு தோலு இருக்குது. ரெண்டா தின்னா? தானே உரிச்சாளா? நீங்க ஊட்டலியா, கதை சொல்லலியா, பஸ்ஸக் காட்டலியா? சும்மா கையில குடுத்தீங்க, அவ்வளவுதானா? வருணி, வாயத் தொற பாக்கலாம். ஆ காட்டு. கன்னத்துல இல்லீங்க. ஒண்ணுமே இல்ல. முழுங்கிட்டா.

எப்பங்க தின்னா? நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கறேன். நான் ஊரு கதை பேசிட்டு வெளிய பாத்துட்டு... ஆமாங்க. நான் பாக்கல. அங்கன்வாடியிலயும் நான் ஜன்னலுக்குப் பின்னாடிதான் நின்னேன். அவளுக்குத் தெரியாது.

இருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல, கண்ணுல தூசி.

அப்ப என்னைப் பாத்தாத்தான் அவளுக்குப் பசி போயிருதுங்களா. பன்னெண்டு மில்லி பன்னெண்டு மில்லியா ஊத்துனவ நான். சரி. சரிங்க.

ஏனுங்க்கா, ஒரு பழம் நூறு கிராம் இருக்குமுங்களா? தோலு இல்லாம சொல்லுங்க. அப்ப ரெண்டு பழம்னா அந்தத் தண்டைய ஒண்ணு கழட்டிறலாம். ரெண்டையுமே கழட்டிருங்க, கழட்டி இந்தக் கூடையில போடுங்க. திருகு பின்னாடி இருக்குது. கொடியையும் அவுத்துருங்க. கொலுசு இருக்கட்டும். கொலுசு மட்டும் இருக்கட்டுமுங்க, அத டாக்டரு கேட்டாப் பாத்துக்கலாம். கேக்காட்டியும்... நானே சொல்லிர்றேன். என்னமோ சொல்லிக்கறேன்.

இன்னும் பழம் இருக்குதுங்களா பையில? நீங்களே குடுங்க. எங்கையில குடுக்காதீங்க. நான் அந்தப் பக்கமாத் திரும்பிக்கறேன். தின்னு முடிச்சதும் சொல்லுங்க. எத்தனை கடின்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க, போதும். வேண்டாம், எண்ண வேண்டாம். விட்டுருங்க.

உரிச்சுட்டாளா?

இல்ல கண்ணு, அம்மா பாக்கல. அம்மா வெளியதான் பாத்துட்டு இருக்கறேன்.